ஒத்திகைக்கு வராத கருவி

ஏரியான் 5 ராக்கெட் 1996 ஜூன் 4-ஆம் தேதி முதன்முறையாக வானில் ஏறியது. ஆனால் அதற்கு முன்பே அது பலமுறை பறந்து முடித்திருந்தது, ஓர் ஆய்வகத்துக்குள். ராக்கெட்டின் மூளையான கணினி அங்கே இருந்தது. அதனோடு இணையும் பல கருவிகளும் நிஜமாகவே இருந்தன. காற்றின் அழுத்தம், எரிபொருள் தீரத் தீரக் குறையும் எடை, பாதையின் வளைவு ஆகியவற்றை இன்னொரு கணினி கணக்கிட்டுக்கொண்டிருந்தது. ராக்கெட்டின் மூளை ஒரு கட்டளை இடும். அதற்கு ராக்கெட் எப்படி அசையும் என்பதைக் கணித்து, அந்த அசைவையே மூளைக்குத் திரும்ப ஊட்டுவார்கள். அதைப் பார்த்து அது அடுத்த கட்டளையை இடும். தரையைவிட்டுக் கிளம்புவதிலிருந்து சுற்றுப்பாதை வரை முழுப் பயணத்தையும் இப்படி ஓட்டிப் பார்த்தார்கள். வளிமண்டலம் மாறினால் என்ன ஆகும், ஒரு கருவி பழுதானால் மற்றது கைகொடுக்குமா என்பதையெல்லாம் சோதித்தார்கள்.

பிறகு நிஜமான நாள் வந்தது. பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளத்தில், உள்ளூர் நேரம் காலை 9.34 மணியளவில், எஞ்சினைப் பற்றவைத்தார்கள். 37 விநாடிகள் எல்லாம் சரியாக நடந்தது. பிறகு ராக்கெட் திடீரென ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எதிர்க்காற்றின் விசை அதை உடைக்கத் தொடங்க, தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாடு இயங்கி, தரையிலிருந்து 4 கிலோமீட்டர் உயரத்தை எட்டுவதற்குள் வெடித்துச் சிதறியது. பூமியின் காந்தமண்டலத்தை ஆராய்வதற்காக உருவான ‘கிளஸ்டர்’ செயற்கைக்கோள்கள் நான்கும் அதோடு போயின. பல நாட்டு விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் பாடுபட்டுச் செய்தவை அவை.

விபத்தின் காரணம் கணினித் துறையில் இன்று பாலபாடம். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆய்வகத்துக்குத் திரும்புவோம். நமக்கு முக்கியம் அந்த ஆய்வகம்தான்.

ராக்கெட் தன் வேகத்தையும் சாய்வையும் அறிய ஒரு நிலைம வழிகாட்டிக் கருவியை நம்பியிருந்தது. ஒன்று பழுதானால் உதவ அதேபோல இன்னொன்று. இரண்டிலும் ஓடியது ஒரே மென்பொருள். ஏரியான் 4 ராக்கெட்டில் நன்றாக உழைத்ததால் அதையே ஏரியான் 5-க்கும் எடுத்துக்கொண்டார்கள். அந்த மென்பொருளில், ஏவுவதற்கு முன் கருவியை நேர்படுத்தும் ஒரு கணக்கு உண்டு. ராக்கெட் கிளம்பிய பிறகும் சுமார் 40 விநாடிகளுக்கு அது ஓடிக்கொண்டே இருக்கும். கடைசி விநாடிகளில் ஏவுதலை நிறுத்தி மறுபடி தொடங்க நேர்ந்தால் நேரம் வீணாகக் கூடாதே என்று ஏரியான் 4-க்காகச் செய்த வசதி அது. ஏரியான் 5-க்கு அது தேவையே இல்லை. ஆனாலும் இருந்தது.

அந்தக் கணக்கில், கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை 64 பிட் வடிவிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வரி ஒன்று இருந்தது. 16 பிட்டில் 32,767-க்கு மேல் அடங்காது. ஏரியான் 4 அந்த எல்லையை எட்டியதே இல்லை. ஏரியான் 5 பறந்த பாதை வேறு. அதன் கிடைமட்ட வேகம் ஐந்து மடங்கு விரைவாகக் கூடியது. எண் அடங்கவில்லை. பிழை நேர்ந்தால் கருவி தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. முதலில் மாற்றுக் கருவி நின்றது. கண்ணிமைக்கும் நேரத்தில் முதன்மைக் கருவியும் அதே வரியில் விழுந்து நின்றது. சாகும்போது அது அனுப்பிய பழுதுக் குறிப்பை, ராக்கெட்டின் மூளை பறத்தல் தகவல் என்று எண்ணிப் படித்தது. இல்லாத ஒரு சாய்வைத் திருத்துவதற்காக எஞ்சின் முனைகளை முழுவதுமாகத் திருப்பியது.

இனி ஆய்வகத்துக்கு வருவோம். இத்தனை முறை முழுப் பயணத்தை ஓட்டிப் பார்த்தும் இந்தப் பிழை ஏன் அங்கே தலைகாட்டவில்லை?

ஏனென்றால் அந்த ஒத்திகைகளில் நிலைம வழிகாட்டிக் கருவிகள் இரண்டும் கலந்துகொள்ளவே இல்லை. அவற்றின் இடத்தில், அவற்றைப் போலப் பதில் சொல்லும் ஒரு மென்பொருளை வைத்திருந்தார்கள். நிஜக் கருவியை மூளையோடு இணைத்துச் சில சோதனைகள் நடந்தது உண்மை. ஆனால் அவை மின் இணைப்பு சரியா, இரண்டும் பேசிக்கொள்கின்றனவா என்று பார்த்தவை. பறக்கும்போது என்ன பேசும் என்பதைப் பார்த்தவை அல்ல.

இதை அலட்சியம் என்று ஒதுக்கிவிட முடிந்தால் நமக்குக் கற்க ஒன்றும் இருக்காது. கணிதவியலாளர் ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, விபத்து நடந்து ஏழு வாரங்களுக்குள், ஜூலை 19 அன்று தன் அறிக்கையை வெளியிட்டது. அதைப் படிக்கும்போது அந்தப் பொறியாளர்களின் நிலையில் நம்மையும் வைத்துப் பார்க்க முடிகிறது. சோதனைத் திட்டத்தை முதலில் வகுத்தபோது, நிஜக் கருவியை ஒத்திகையில் சேர்க்க வேண்டும் என்றுதான் முடிவு செய்திருந்தார்கள். 1992-இல் அந்த முடிவு மாறியது. மாற்றியதற்கு அவர்கள் சொன்ன காரணங்கள் யாவும் நியாயமானவை. கருவியைத் தனியாக முழுமையாகச் சோதித்து ஏற்றுக்கொண்டாகிவிட்டது. ஆய்வகத்தில் செயற்கையாக உண்டாக்கும் சைகைகள் கருவிக்கு வேண்டிய நுட்பத்தோடு இருக்காது. அதனால் வழிநடத்தலின் துல்லியத்தை அளக்க முடியாது. கருவி பழுதானால் என்ன ஆகும் என்று பார்க்க, நிஜக் கருவியைப் பழுதாக்க முடியாது. மாதிரி மென்பொருளைப் பழுதாக்கலாம். கருவியின் உள்துடிப்பு 1 மில்லி விநாடி. ஆய்வகத்தின் துடிப்பு 6 மில்லி விநாடி. இரண்டையும் ஒட்டவைப்பது சிக்கல்.

விசாரணைக் குழு இந்தக் காரணங்களைத் தொழில்நுட்ப ரீதியில் சரி என்றே ஒப்புக்கொண்டது. அதன் பிறகு சொன்னதுதான் முக்கியம். துல்லியம் குறைந்தாலும் பரவாயில்லை, நிஜக் கருவியை உள்ளே வைத்திருக்க வேண்டும் என்றது. துல்லியத்தை வேறு கணக்குகளால் நிரூபித்துக்கொள்ளலாம். எல்லாக் கருவிகளும் சேர்ந்து ஓடுகின்றனவா என்பதைச் சேர்த்து ஓட்டினால் தவிர அறிய முடியாது. சோதனைச் சூழல் அமைக்கும் எவருக்கும் இதைவிடப் பயனுள்ள ஓர் அறிவுரையை நான் படித்ததில்லை. நாம் சோதனைச் சூழலை நேர்த்தியாக்க விரும்புகிறோம். நேர்த்தியைக் கெடுக்கும் கரடுமுரடான நிஜப் பொருளை வெளியே எடுத்துவிட்டு, சொன்னபடி கேட்கும் மாதிரியை உள்ளே வைக்கிறோம். பிழை அந்தக் கரடுமுரட்டில்தான் குடியிருக்கிறது.

கருவியைத் தனியாகச் சோதித்தார்களே, அதில் ஏன் தெரியவில்லை? அந்தச் சோதனையில் ஏரியான் 5-இன் பாதைத் தகவலை யாரும் கொடுக்கவில்லை. கருவி எதற்கெல்லாம் ஈடுகொடுக்க வேண்டும் என்று எழுதிய ஆவணத்திலேயே அந்தப் பாதை இல்லை. வேண்டாம் என்று சம்பந்தப்பட்டவர்கள் சேர்ந்தே முடிவு செய்திருந்தார்கள். இரண்டு சோதனைகள், இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி. தனிச் சோதனையில் கருவி இருந்தது, பாதை இல்லை. கூட்டுச் சோதனையில் பாதை இருந்தது, கருவி இல்லை.

விபத்துக்குப் பிறகு, அன்றைய பயணத்தின் உண்மையான பாதைத் தகவலையும் வழிகாட்டிக் கருவியின் மென்பொருளையும் ஒரு கணினியில் ஒன்றாக ஓட்டிப் பார்த்தார்கள். வானில் நடந்தது அப்படியே தரையில் நடந்தது. பாதையை முன்கூட்டியே கணித்து வைத்திருந்தார்கள்; மென்பொருளும் கையில் இருந்தது. இதே ஓட்டத்தை ஏவுவதற்கு முன் நடத்தியிருந்தால் பிழை தரையிலேயே அகப்பட்டிருக்கும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பதம் பார்க்கும் பருக்கையும் மிச்சச் சோறும் ஒரே பானையில், ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்தவை என்பதால்தான் அந்தக் கணக்குச் செல்லுபடியாகிறது. அடுத்த அடுப்பில் வெந்த பருக்கையை எவ்வளவு கவனமாக நசுக்கிப் பார்த்தாலும் இந்தப் பானையைப் பற்றி ஒன்றும் தெரியாது. மென்பொருள் சோதனையைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் பருக்கையை நசுக்கும் விதத்தைப் பற்றியே பேசுகிறோம்: எத்தனை சோதனைகள் எழுதினோம், எத்தனை வரிகளைத் தொட்டோம், எவ்வளவு தானியங்கியாக ஓடுகிறது. அடுப்பு எது என்று யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவின் விண்வெளி ஓடத் திட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தார்கள். ஹூஸ்டனில் உள்ள ஜான்சன் விண்வெளி மையத்தில் ‘செயில்’ என்ற ஆய்வகம் இருந்தது. இறக்கைகளும் வெப்பக் காப்பு ஓடுகளும் இல்லாத ஒரு விண்வெளி ஓடம் என்றே அதைச் சொல்லலாம். விமானி அறை, கணினிகள், அவற்றை இணைக்கும் கம்பிகள் எல்லாம் நிஜ ஓடத்தில் இருக்கும் அதே இடங்களில். கம்பிகளின் நீளம்கூட அதேதான். கம்பியின் நீளம் மாறினால் சைகை வந்துசேரும் நேரம் மாறுமே என்ற கவனம். 2011-இல் திட்டம் முடியும்வரை மென்பொருள் மாற்றங்களை அங்கே ஓட்டிப் பார்த்த பிறகே வானுக்கு அனுப்பினார்கள்.

அப்படிப்பட்ட கவனத்தையும் தாண்டி ஒரு பிழை நழுவியது. 1981 ஏப்ரல் 10 அன்று கொலம்பியா ஓடத்தின் முதல் பயணம் ஏவுவதற்குச் சற்று முன் நின்றுபோனது. மாற்றுக் கணினியால் முதன்மைக் கணினிகளோடு நேரத்தை ஒத்திசைக்க முடியவில்லை. கணினிகளை முதன்முதலாக இயக்கும் கணத்தில், 67-இல் ஒரு வாய்ப்பாக, கடிகாரக் கணக்கு பிசகக்கூடிய ஒரு சூழ்நிலை மென்பொருளில் ஒளிந்திருந்தது. ஏவுவதற்கு ஒரு நாளுக்கும் முன்பே கணினிகளை இயக்கிவிடுவார்கள். பிசகு அப்போதே விழுந்துவிட்டது, வெளியே தெரிந்தது கடைசி நிமிடங்களில். அணைத்துவிட்டு மறுபடி இயக்கியதும் சரியானது. இரண்டு நாள் கழித்து ஓடம் கிளம்பியது. நிஜத்தை எவ்வளவு ஒத்த சூழலாக இருந்தாலும் எந்தக் கணத்திலிருந்து அதை ஓட்டத் தொடங்குகிறோம் என்பதும் அந்தச் சூழலின் ஒரு பகுதிதான். இன்றைய மென்பொருள் குழுக்களில் சோதனைச் சர்வர் மாதக்கணக்கில் அணையாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதை அணைத்து முதலிலிருந்து கிளப்பினால் எழுந்து நிற்குமா என்று அவ்வப்போது பார்ப்பவர்கள் குறைவு.

சோதனைச் சூழலின் வேலை மென்பொருள் வெளியே போனதும் முடிந்துவிடுவதில்லை. இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று செவ்வாயிலிருந்து வருகிறது.

1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களிலேயே அதன் கணினி தன்னைத் தானே அணைத்து மறுபடி தொடங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் அன்றைய எஞ்சிய வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போனது. கலமோ பல கோடிக் கிலோமீட்டர் தொலைவில். கலிபோர்னியாவில் உள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் அதன் இரட்டை ஒன்று இருந்தது. பொறியாளர்கள் செவ்வாயில் ஓடிய அதே வேலைகளை அந்த இரட்டையில் மணிக்கணக்கில் ஓட்டினார்கள். பிழை கடைசியில் அங்கேயும் தலைகாட்டியது.

நடந்தது இதுதான். கலத்துக்குள் தகவல் பரிமாற ஒரு பொது வழி. ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் அதன் பூட்டை வைத்திருக்கலாம். வானிலைத் தகவல் சேர்க்கும் வேலை, முன்னுரிமை குறைந்தது, பூட்டை எடுத்திருக்கும். முன்னுரிமை மிகுந்த இன்னொரு வேலை அதற்காகக் காத்திருக்கும். அந்த நேரம் பார்த்து நடுத்தர முன்னுரிமை உள்ள வேறொரு வேலை குறுக்கே புகுந்து, வானிலை வேலையை ஓடவிடாமல் நிறுத்திவிடும். பூட்டு விடுபடாது, முக்கியமான வேலை காத்துக்கொண்டே இருக்கும். அது குறித்த நேரத்தில் முடியவில்லை என்று கண்ட கண்காணிப்புக் கடிகாரம், ஏதோ கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிக் கணினியை மறுபடி தொடங்கிவிடும். பூட்டு வைத்திருப்பவருக்குத் தற்காலிகமாக உயர் முன்னுரிமை தரும் வசதி அவர்கள் வாங்கிய இயக்க மென்பொருளிலேயே இருந்தது. அந்தப் பூட்டுக்கு மட்டும் அது அணைக்கப்பட்டிருந்தது. பூமியிலிருந்து சின்னதொரு திருத்தத்தை அனுப்பி அதை இயக்கினார்கள். தொல்லை தீர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியவை பல. எந்த வேலை எப்போது ஓடியது என்று பதிவுசெய்யும் நிரல்பகுதியைச் சோதனைக்காக எழுதியிருந்தார்கள். ஏவும்போது அதை அகற்றாமல் கலத்திலேயே விட்டுவைத்தார்கள். சோதித்ததையே பறக்கவிடு, பறப்பதையே சோதி என்பது அவர்கள் கொள்கை. அந்தப் பதிவு இல்லாவிட்டால் மூன்று வேலைகள் பின்னிக்கொண்டதைக் கண்டுபிடித்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நம் ஊர்களில் மென்பொருள் வெளியிடும்போது ‘இனி இது எதற்கு’ என்று பதிவுகளை அணைத்துவிடும் வழக்கம் இருக்கிறது. அணைத்த பிறகு ஓடுவது நாம் சோதித்த மென்பொருள்தானா என்று யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, அந்தப் பிழை இறங்குவதற்கு முன்பே தரையில் ஓரிரு முறை தலைகாட்டியிருந்தது. மறுபடி வரவழைக்க முடியவில்லை. இறங்கும் கட்டத்தின் பெரிய கவலைகள் முன்னே நின்றன. ஏன் அடிக்கடி வரவில்லை? கலம் செவ்வாயிலிருந்து இவ்வளவு வேகமாகத் தகவல் அனுப்பும், இவ்வளவு அறிவியல் வேலை செய்யும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. எதிர்பார்த்த அளவுக்கே சோதனைச் சூழலுக்குப் பாரம் ஏற்றினார்கள். மோசமான நிலைமைகளை மனத்தில் வைத்துச் சோதித்தவர்கள், நினைத்ததைவிட எல்லாம் நன்றாக நடந்தால் என்ன ஆகும் என்று சோதிக்கவில்லை. புதிதாகத் தொடங்கும் எந்த இணையச் சேவைக்கும் இது பொருந்தும். ஆயிரம் பேர் வருவார்கள் என்று கட்டிய தளத்துக்கு முதல் நாளே ஒரு லட்சம் பேர் வந்துவிடுவது வெற்றிதான். சோதனைச் சூழலில் அந்த வெற்றியை யாராவது ஒருமுறை நடத்திப் பார்த்திருக்க வேண்டும்.

ராக்கெட்டும் விண்கலமும் வேண்டாம், வங்கிச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக எழுதுபவரின் மடிக்கணினியில் ஒரு சூழல், டெஸ்டர்களுக்கு ஒரு சூழல், வெளியீட்டுக்கு முன் கடைசியாகப் பார்க்க ‘ஸ்டேஜிங்’, பிறகு மக்கள் பயன்படுத்தும் ‘ப்ரொடக்ஷன்’. எழுதியவர் ‘என் மெஷின்ல ஓடுதே’ என்பார். அவர் சொல்வது பொய்யல்ல. அவர் மெஷினில் உள்ள பதிப்புகள் வேறு, சர்வரில் உள்ள பதிப்புகள் வேறு. மென்பொருளையும் அதற்கு வேண்டிய சுற்றுப்புறத்தையும் ஒரே பொதியாகக் கட்டி எல்லா இடத்துக்கும் அப்படியே கொண்டுபோகும் டாக்கர் போன்ற கருவிகள் 2013 முதல் பரவி, இந்தச் சண்டையில் பாதியைத் தீர்த்துவிட்டன. மீதிப் பாதி தரவிலும், வெளியே உள்ள சேவைகளிலும், நேரத்திலும் இருக்கிறது. அவற்றைப் பொதியாகக் கட்ட முடியாது.

தரவைப் பார்ப்போம். சோதனைத் தரவுத்தளத்தில் 200 வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். எல்லோருக்கும் ஆங்கிலத்தில் முதற்பெயரும் குடும்பப் பெயரும் அழகாக இருக்கும். நிஜத்தில் வருபவர் ‘க. முருகன்’. முன்னெழுத்து உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. ‘கடைசிப் பெயர் கட்டாயம்’ என்று படிவம் அவரை வாசலிலேயே நிறுத்திவிடும். இந்த அவதியைப் படாத தமிழர் குறைவு. எழுதியவர் கெட்டவர் இல்லை. அவருடைய சோதனைத் தரவில் முருகன் இல்லை, அவ்வளவுதான். குறுஞ்செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள். தமிழில் எழுதினால் எல்லை 70-ஆகச் சுருங்கிவிடும். மெய்யும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனி இடம் பிடிப்பதால் அந்த 70-இலும் நாம் கண்ணால் எண்ணும் எழுத்துகள் இன்னும் குறைவு. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த நிறுவனத்துக்குத் தமிழ்ச் சேவை தொடங்கிய மாதம் குறுஞ்செய்திச் செலவு ஏன் இரண்டு மூன்று மடங்கானது என்பது புரியாது.

இதற்காக நிஜ வாடிக்கையாளர் தரவை அப்படியே படியெடுத்துச் சோதனைச் சூழலில் வைத்துவிடலாமா? கூடவே கூடாது. சோதனைச் சூழலின் பூட்டுகள் எப்போதும் தளர்வானவை. கடவுச்சொல்லைப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்வார்கள். ஒப்பந்தப் பணியாளர்கள் வந்துபோவார்கள். ஒருவரின் ஆதார் எண்ணும் மருத்துவக் குறிப்பும் அங்கே கிடப்பது அவருக்குச் செய்யும் துரோகம். 2023-இல் இந்தியா தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. சட்டம் வராவிட்டாலும் இது தவறுதான். செய்யவேண்டியது, நிஜத் தரவின் உருவத்தை எடுத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றுவது. எத்தனை பேருக்குக் குடும்பப் பெயர் இல்லை, முகவரி எவ்வளவு நீளம் போகிறது, எத்தனை கணக்குகள் பல ஆண்டுகளாக உறங்குகின்றன என்ற விகிதங்களை அளந்து, அதே விகிதத்தில் கற்பனை மனிதர்களைப் படைக்க வேண்டும். உழைப்புக் கூடிய வேலை. ஆனால் 200 பேரோடு கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும் ஒரு தேடல், 2 கோடிப் பேரோடு நிமிடக்கணக்கில் திணறுமா என்பதை அறிய இதைவிட்டால் வழியில்லை.

வெளியே உள்ள சேவைகளில்தான் ஏரியானின் கதை அன்றாடம் திரும்ப நடக்கிறது. பணம் செலுத்தும் பேமென்ட் கேட்வே வேறொரு நிறுவனத்துடையது. சோதனையின்போது நிஜப் பணத்தை அனுப்ப முடியாது. எனவே அதைப் போல நடிக்கும் ஒரு போலியை வைப்பார்கள். நடிக்கும் போலி, எழுதியவரின் நம்பிக்கையைத்தான் திருப்பிச் சொல்லும். கேட்டால் உடனே ‘பணம் சேர்ந்தது’ என்று விடை தரும். நிஜ கேட்வே சில சமயம் 40 விநாடி மௌனமாக இருக்கும். பிறகு ஒரே பதிலை இரண்டு முறை அனுப்பும். வாடிக்கையாளரிடம் பணத்தை எடுத்துக்கொண்டு நமக்கு ‘தோல்வி’ என்று சொல்லும். போலியை ஒழிக்க முடியாது. அதற்கும் இந்தக் கெட்ட பழக்கங்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நிஜ சேவையின் பதில்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் பதிவுசெய்து, போலி இன்னும் அதே மாதிரிதான் நடிக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். வெளியீட்டுக்கு முன் ஒருமுறையாவது, ஒரு ரூபாய்க்காவது, நிஜ கேட்வே வழியாகப் போய்வர வேண்டும்.

நேரம் பலரும் மறக்கும் பகுதி. சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முந்தியவர்கள். இங்கே நள்ளிரவு தாண்டிக் காலை ஐந்தரை வரை சர்வருக்கு இன்னும் நேற்றுதான். விடியற்காலை 3 மணிக்குக் கோயம்பேட்டில் காய்கறி வாங்கியவரின் ரசீதில் முந்தைய நாளின் தேதி விழும். சோதனைகளோ அலுவலக நேரமான காலை 11 மணிக்கு ஓடுகின்றன. அந்தப் பிழை அவர்கள் கண்ணில் படவே படாது. நல்ல சோதனைச் சூழலில் கடிகாரத்தை நாம் விரும்பிய இடத்துக்குத் திருக முடியவேண்டும்: நள்ளிரவுக்கு, மார்ச் 31-க்கு, பிப்ரவரி 29-க்கு.

சோதனைச் சூழலும் நிஜச் சூழலும் ஒரு நாள் ஒத்திருந்தால் போதாது. கையால் செய்யும் சிறு மாற்றங்களால் அவை மெல்ல மெல்ல விலகும். நிஜச் சூழலுக்குள்ளேயேகூட ஒரு சர்வர் மற்றதிலிருந்து விலகும். அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டல் 2012-இல் தன் எட்டு சர்வர்களுக்குப் புதிய மென்பொருளை ஏற்றியது. ஏழில் ஏறியது, ஒன்றில் ஏற்ற மறந்துவிட்டார்கள். சரிபார்க்க இரண்டாவது ஆளை வைக்கவில்லை. அந்த ஒரு சர்வரில் பல ஆண்டுகளாகப் பயன்படாத பழைய நிரல் ஒன்று கிடந்தது. புதிய மென்பொருளுக்காக மறுபயன்பாட்டுக்கு வந்த ஒரு குறி அதை எழுப்பிவிட்டது. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்த 45 நிமிடங்களில் அது லட்சக்கணக்கான வர்த்தகங்களை வெறித்தனமாக நடத்தியது. நட்டம் 46 கோடி டாலருக்கும் மேல். நிறுவனம் தனித்து நிற்க முடியாமல் அடுத்த ஆண்டு இன்னொன்றோடு இணைந்தது. சூழலை அமைக்கும் ஒவ்வொரு படியையும் நிரலாக எழுதி, எல்லாச் சர்வருக்கும் அதையே ஓட்டுவது இன்று பரவலாகிவிட்ட வழக்கம். மனிதக் கை மறக்கும் என்பதை ஒப்புக்கொண்ட வழக்கம் அது.

எல்லாவற்றையும் நிஜமாக வைத்துச் சோதிக்கப் பணமும் நேரமும் யாருக்கும் இல்லை என்ற வாதம் சரியானதே. 2019 டிசம்பரில் ஆளில்லாமல் பறந்த ஸ்டார்லைனர் விண்கலம் சர்வதேச விண்வெளி நிலையத்தை எட்டாமல் திரும்பியதற்கு, அதன் கடிகாரம் 11 மணி நேரம் பிசகியது காரணம். ஏவுவதிலிருந்து நிலையத்தில் இணைவது வரை ஒரே மூச்சில் சோதித்தால் 25 மணி நேரத்துக்கு மேலாகும் என்பதால், துண்டு துண்டாகச் சோதித்திருந்தார்கள். ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இணைப்பில் பிழை இருந்தது. பணத்தை மிச்சம் பிடிப்பதில் தவறில்லை. எதை விட்டோம் என்பதை எழுதிவைக்காமல் விடுவதுதான் தவறு. ஏரியான் விசாரணைக் குழுவும் இதைத்தான் கேட்டது: ஒவ்வொரு முக்கியக் கருவியின் எல்லைகளையும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், மாதிரியை வைப்பதானால், முந்தைய சோதனைகள் அந்த இடத்தை முழுமையாக மூடிவிட்டனவா என்று பார்த்துவிட்டு வைக்க வேண்டும்.

நீங்கள் மென்பொருள் துறையில் இருப்பவரானால் ஒரு வேண்டுகோள். உங்கள் சோதனைச் சூழலில் எவையெல்லாம் போலி, ஒவ்வொன்றையும் யார் எப்போது எந்தக் காரணத்துக்காக வைத்தார்கள், அந்தக் காரணம் இன்றும் இருக்கிறதா என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த வெளியீட்டுக் கூட்டத்தில், எத்தனை சோதனைகள் தேறின என்ற எண்ணை வாசிப்பதற்கு முன் அந்தப் பக்கத்தை உரக்க வாசியுங்கள்.